பழைய பந்தலில் புதுக் கொடி

தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைப்பதென்றால் அதற்குப் பூர்வ ஜன்மப் புண்ணியம் வேண்டும். சில நாட்களுக்கு முன் எனக்கு அந்தப் புண்ணியம் கைகூடிற்று. வீரபாண்டியைத் தாண்டியதும் ஒருபுறம் நெல் வயல். மறுபுறம் வாழையும் தென்னையும். மேற்கே மலை, கிழக்கேயும் மலை. நடுவில் பெரியாற்றுத் தண்ணீரைக் குடித்துச் செழித்த பூமி. உத்தமபாளையத்துக்கு அப்பால் திராட்சைப் பந்தல்கள் தென்படத் தொடங்குகின்றன. கல்தூண்களை வரிசையாக நட்டு, தலைக்கு மேலே கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, அவற்றின்மேல் கொடிகளைப் படர விட்டிருக்கிறார்கள். 2023-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை இந்தப் பந்தல்களில் தொங்குவதுதான்.

இந்தப் பந்தல்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது எனக்கு லினக்ஸ் ஞாபகம் வந்தது. "இது என்ன ஐயா, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். சற்றுப் பொறுமையுடன் வாசித்தால் முடிச்சு தானே அவிழ்ந்துவிடும்.

இப்போது எத்தனையோ வீடுகளில் லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர் இருக்கிறது. விலை கொடுக்க வேண்டாம். வைரஸ் பயம் குறைவு. பழைய யந்திரத்திலும் சளைக்காமல் ஓடுகிறது. ஆனால் அந்த வீடுகளில் ஒரு மனக்குறையும் கூடவே இருக்கிறது. "யந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதில் இருக்கிற மென்பொருள் எல்லாம் இரண்டு வருஷத்துப் பழையது. அடுத்த வீட்டில் புதுப் பதிப்பு வைத்திருக்கிறார்கள். நாமும் புதிதாக்கிக் கொள்ளக் கூடாதா?" என்பதே அந்தக் குறை. ஆக்கிக் கொள்ளலாம். ஆனால் எப்படி என்று தெரிந்து செய்ய வேண்டும். தெரியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சாட்சி மட்டுமல்ல, குற்றவாளியும் நானே.

*

2019-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்து அடைமழையில் நான் கம்பத்தில் என் தமக்கை வீட்டில் தங்கியிருந்தேன். தமக்கையின் மகள், பள்ளிக்கூடத்தில் படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லாப்டாப்பை வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் முதலியவற்றை அச்சுக்கோத்துக் கொடுத்து நாலு காசு சம்பாதித்து வந்தாள். தமிழ்நாட்டு அரசாங்கம் 2011-ஆம் வருஷத்தில் மாணவர்களுக்கு லாப்டாப் வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸும் சேர்ந்து வந்தது நேயர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மத்திய அரசாங்கத்தின் ஸி-டாக் ஸ்தாபனத்தார் சென்னையில் உருவாக்கிய சுதேசிச் சரக்கு அது. அந்தப் பாஸுக்கும் அடித்தளம் டெபியன் என்னும் லினக்ஸே. எங்கள் பெண் வெகு சீக்கிரத்தில் மூலத்தையே பிடித்துக்கொண்டு விட்டாள். அவளுடைய யந்திரத்தில் அப்போது டெபியனின் பத்தாம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் அவளிடம் ஒரு பெரிய வேலை வந்திருந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றித் தம் வாழ்நாள் முழுவதும் எழுதிச் சேர்த்த குறிப்புகளை ஒரு புத்தகமாக்கித் தரும்படி கொடுத்திருந்தார். எண்பது வயது நிறைவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கண்பார்வை நாளுக்கு நாள் மங்கி வந்தது. "அம்மா, அச்சான புத்தகத்தை நான் என் கண்ணாலேயே வாசித்துவிட வேண்டும். அதற்குள் முடியுமா?" என்று கேட்டிருந்தார். முடியும் என்று அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

புத்தகப் பக்கங்களை அமைக்க அவள் உபயோகித்தது ஸ்கிரைபஸ் என்னும் இலவச மென்பொருள். டெபியன் பத்தில் இருந்தது அதன் 1.4 வரிசைப் பதிப்பு. அதற்கு ஆங்கிலம் நன்றாக வரும். யூனிகோடுத் தமிழ் வராது. நம் எழுத்தில் கொம்பு இருக்கிறதல்லவா? எழுதும்போது மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கும். கம்ப்யூட்டர் தன் மனத்துக்குள் வைத்துக்கொள்ளும்போது பின்னால் நிற்கும். அதை எடுத்து முன்னால் வைத்துக் காட்டுவது மென்பொருளின் கடமை. பழைய ஸ்கிரைபஸுக்கு அந்தக் கடமை தெரியாது. அதன் கையில் "மேகமலை" என்று கொடுத்தால் "மகேமல" என்று போட்டுவிட்டுக் கடைசியில் ஓர் இணைக்கொம்பை அந்தரத்தில் தொங்கவிடும். "வைகை" அதனிடம் போனால் "வகை" ஆகிவிடும். கொம்பும் காலும் இல்லாத காரணத்தால் "கம்பம்" மட்டும் சேதமின்றித் தப்பியது.

2017-ஆம் வருஷத்தில் வெளிவந்த 1.5.3 பதிப்பிலிருந்து ஸ்கிரைபஸுக்குத் தமிழ், அரபி போன்ற எழுத்துக்களைச் சரியாகக் கோக்கும் ஞானம் வந்துவிட்டது. ஆகவே புதுப் பதிப்பு வேண்டும் என்பது அவளுக்கு வெறும் ஆசையாக இல்லை, தேவையாகவே இருந்தது.

"இவ்வளவுதானே? நான் இருக்கும்போது நீ ஏன் கவலைப்படுகிறாய்?" என்றேன்.

"வேண்டாம், மாமா. நான் நாளைக்கு நிதானமாகப் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள் அவள். நியாயமான வார்த்தை. நான் கேட்கவில்லை. அவள் தாயாருக்கு உதவியாக அடுப்பங்கரைக்குள் போன நேரம் பார்த்து, லாப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

டெபியனில் மென்பொருள்களைக் கொண்டுவந்து கொடுக்கிற ஏவலாளுக்கு 'ஆப்ட்' என்று பெயர். எந்தக் களஞ்சியத்திலிருந்து கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியலில் எழுதி வைத்தால், அதன்படி அது போய் வரும். அந்தப் பட்டியலில் ஸ்திரமான பதிப்பின் பெயர் இருந்த இடத்துக்குக் கீழே, 'ஸித்' என்னும் ஸ்திரமற்ற கிளையின் பெயரையும் நான் எழுதிச் சேர்த்தேன். எல்லாவற்றையும் புதிதாக்கு என்று உத்தரவு போட்டேன். ஆப்ட் நூற்றுக்கணக்கான பெயர்களை வரிசையாகக் காட்டி, "சம்மதமா?" என்று கேட்டது. அவற்றில் சிலவற்றை நீக்கப் போவதாகவும் சொல்லிற்று. நான் வாசிக்கவில்லை. "சம்மதம்" என்று தட்டினேன். பாதி வழியில் மழைக்காக மின்சாரம் போயிற்று. அதோடு இன்டர்நெட்டும் போயிற்று. மறுபடி யந்திரத்தை முடுக்கியபோது கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அடுப்பங்கரையிலிருந்து வந்தவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

*

நான் செய்த தவறு என்ன என்பதை விளங்கிக்கொள்ள, டெபியன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1993-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இயான் மர்டாக் என்பவர் ஆரம்பித்தது டெபியன். உலகமெங்கும் பரவியிருக்கும் தொண்டர்கள் அதை நடத்தி வருகிறார்கள். அதில் மூன்று கிளைகள் உண்டு. புதிதாக வருகிற எதுவும் முதலில் ஸ்திரமற்ற கிளைக்குப் போகும். அங்கே சில நாட்கள் பெரிய வியாதி ஒன்றும் காணாமல் இருந்தால், பரீட்சைக் கிளைக்கு ஏறும். சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பரீட்சைக் கிளையை அப்படியே உறைய வைத்து, குறைகளைத் தேடித் தேடித் தீர்த்து, ஸ்திரமான பதிப்பு என்று வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் 'டாய் ஸ்டோரி' என்னும் சித்திரப் பட வரிசையில் வரும் பாத்திரம் ஒன்றின் பெயரைச் சூட்டுவார்கள். ஸ்திரமற்ற கிளைக்கு மட்டும் என்றும் ஒரே பெயர்: ஸித். அந்தப் படத்தில் பொம்மைகளை உடைத்துப் போடும் அடுத்த வீட்டுப் பையனின் பெயர் அது. பெயரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். நான்தான் கவனிக்கவில்லை.

ஸ்திரமான பதிப்பு வெளிவந்த பிறகு, அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்பு எண்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. "அப்படியானால் அவற்றில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் என்ன ஆவது?" என்று கேட்கலாம். இதற்கு முல்லைப் பெரியாறு அணையே பதில் சொல்லும். 1895-இல் பென்னிகுவிக் துரை கட்டி முடித்த அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த உட்கூட்டுடன் இன்றும் நிற்கிறது. ஆனால் 1979-க்குப் பிற்பாடு அதற்குத் தலையில் கான்கிரீட் கவசம் போட்டார்கள். மேலிருந்து பாறைவரை துளைத்து இரும்பு வடங்களை இறக்கி இறுக்கினார்கள். பின்புறம் கான்கிரீட் சுவரை அணைத்துக் கட்டினார்கள். அணை அதே அணை, பலம் கூடியிருக்கிறது. டெபியனும் அப்படித்தான் செய்கிறது. புதுப் பதிப்பிலே செய்யப்பட்ட பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்து, பழைய பதிப்புக்குத் தகுந்தபடி பொருத்தி அனுப்புகிறது. ஆகையால் எண் பழையது என்ற காரணத்தால் பாதுகாப்பும் பழையது என்று எண்ணிவிடக் கூடாது. ஃபயர்பாக்ஸ் போன்ற பிரௌஸர்கள் இந்த விதிக்கு விலக்கு. அவற்றின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பு, ஸ்திரமான டெபியனிலும் சுமார் வருஷத்துக்கு ஒரு முறை முழுமையாகவே மாறுகிறது.

இனிப் பந்தலுக்கு வருவோம்.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய சகலத்தையும் தானே சுமந்து வருவதில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சில லைப்ரரிகள் இருக்கின்றன. அவைதான் கல்தூண், அவைதான் கம்பி. அவற்றில் மிக முக்கியமானது 'ஸி' லைப்ரரி. ஏறக்குறைய எல்லாக் கொடிகளும் அதன்மேல்தான் படர்ந்திருக்கின்றன. ஸித் கிளையிலிருந்து ஒரு புதுக் கொடியைக் கொண்டு வந்தால், "இந்தக் கம்பி எனக்குப் போதாது, புதுக் கம்பி வேண்டும்" என்கிறது. கம்பியை மாற்றினால், பழைய கம்பியோடு ஒட்டியிருந்த கொடிகள் "எங்களையும் மாற்று" என்கின்றன. சில கொடிகள் அறுந்தே விழுகின்றன. காய்ப்பு நாளில் பந்தலின் கம்பியை உருவுகிற விவசாயி எவனாவது உண்டா? நான் உருவினேன். புதிதாக்கியதைப் பழையபடி இறக்குவதற்கும் டெபியனில் உத்தரவாதமான வழி கிடையாது. இப்படிப் பல கிளைகளை ஒன்றாய்த் தைத்து உண்டாக்கிய யந்திரத்துக்கு டெபியன்காரர்களே 'ஃபிராங்கன்டெபியன்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பல பிணங்களின் அங்கங்களைச் சேர்த்துப் பூதத்தை உண்டாக்கிய ஃபிராங்கன்ஸ்டைன் கதையிலிருந்து எடுத்த பெயர்.

*

அன்று இரவு மின்சாரம் திரும்பியதும் அந்தப் பெண் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்கிறேன். இதே கதி நேயர்களில் யாருக்காவது நேர்ந்தால் உபயோகப்படும்.

முதலில், பேனா டிரைவிலிருந்தே ஓடக்கூடிய லினக்ஸ் ஒன்றைச் செருகி, அதைக்கொண்டு லாப்டாப்பைத் திறந்தாள். உள்ளே கறுப்புத் திரைக்குப் பின்னால் ஆசிரியரின் புத்தகம் பத்திரமாகவே இருந்தது. அதை முழுவதும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்தாள். எடுத்ததைத் திறந்து பார்த்து நிச்சயப்படுத்திக் கொண்டாள். அதற்குப் பிறகே, உடைந்ததை ஒட்டவைக்க முயலாமல், டெபியன் பத்தை அடியிலிருந்து புதிதாக நிறுவினாள். கடைசியாக, ஸ்கிரைபஸ் கோஷ்டியாரே வெளியிடும் 'ஆப்இமேஜ்' என்னும் ஒற்றைக் கோப்பை இறக்கி, அதற்கு ஓடும் அனுமதி கொடுத்து, முடுக்கினாள். 1.5 பதிப்பு திரையில் வந்து நின்றது. யந்திரத்தின் மற்ற எந்தப் பாகத்தையும் அது தொடவில்லை.

"மேகமலை" மேகமலையாகவே வந்தது. "வைகை" வைகையாகவே வந்தது.

"இதைத்தான் மாமா, நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்திருந்தேன்" என்றாள். அப்போது விடியற்காலை மணி மூன்று.

இன்னொரு முன்ஜாக்கிரதையும் செய்தாள். 1.5 பதிப்பில் சேமித்த புத்தகத்தைப் பழைய 1.4 திறக்காது. அது ஒருவழிப் பாதை. ஆகையால் பழைய கோப்புகளை அப்படியே ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, நகலில்தான் வேலையைத் தொடங்கினாள். மேலும் 1.5 அப்போது அபிவிருத்தியில் இருந்த பதிப்பு, திடீரென்று மூடிக்கொள்ளலாம். எனவே ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டாள்.

*

பழைய பந்தலில் புதுக் கொடி ஏற்றுவதற்கு இன்றைக்கு நாலைந்து வழிகள் உண்டு. அவற்றின் குணதோஷங்களைச் சொல்கிறேன்.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. பரிகாசமாகச் சொல்லவில்லை. "புதுப் பதிப்பில் எனக்கு வேண்டிய எந்த வசதி இருக்கிறது?" என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு வரியும் எழுத வரவில்லை என்றால், உங்களுக்கு வேண்டியது புதுப் பதிப்பு அல்ல.

இரண்டாவது வழி ஒட்டுக் கட்டுவது. திராட்சை விவசாயிகளுக்கு இது தெரிந்த வித்தை. நம் நாட்டில் உப்பையும் வறட்சியையும் தாங்கக்கூடிய 'டாக்ரிட்ஜ்' என்னும் முரட்டு வேர்ச்செடியை முதலில் நட்டு, அதன்மேல் விரும்பிய ரகத்தை ஒட்டுகிறார்கள். வேர் பழையது, பழம் புதியது. டெபியனில் இதற்குப் 'பேக்போர்ட்ஸ்' என்று பெயர். பரீட்சைக் கிளையில் தேறிய புது மென்பொருளை எடுத்து, ஸ்திரமான பதிப்பின் லைப்ரரிகளைக் கொண்டே மறுபடி கட்டித் தருகிறார்கள். தனியாக ஆரம்பித்த இந்தத் தொண்டு 2010-ஆம் வருஷத்தில் டெபியனின் அதிகாரபூர்வமான சேவையாயிற்று. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைப் பட்டியலில் சேர்த்தாலும், ஆப்ட் அதிலிருந்து தானாக எதையும் எடுக்காது. ஒரு சிறு கோடும் 'டி' என்ற எழுத்தும் போட்டு, களஞ்சியத்தின் பெயரையும் வேண்டிய மென்பொருளின் பெயரையும் சொல்லிக் கேட்டால்தான் அந்த ஒன்றை மட்டும் கொண்டுவரும். நான் ஸித்தைச் சேர்த்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

உதாரணம் சொல்கிறேன். 2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் வந்த டெபியன் 12-இல் இருந்த லிப்ரே ஆபீஸ் 7.4. அதற்குப் பிறகு வந்த லிப்ரே ஆபீஸ் பதிப்புகளைப் பேக்போர்ட்ஸ் மூலம் அதே டெபியன் 12-இல் ஏற்றிக்கொள்ள முடிந்தது. புது லாப்டாப் வாங்கி, அதன் வை-ஃபையைப் பழைய கெர்னல் அடையாளம் கண்டுகொள்ளாமல் விழித்தால், கெர்னலையும் பேக்போர்ட்ஸிலிருந்தே எடுக்கலாம். ஆனால் பேக்போர்ட்ஸில் எல்லா மென்பொருளும் இராது. தொண்டர் ஒருவர் பொறுப்பேற்றது மட்டுமே இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் அந்தத் தொண்டரின் முயற்சியைப் பொறுத்தவையே. வேண்டியதை மட்டும் எடுப்பது நல்லது.

மூன்றாவது வழி தொட்டிச் செடி. பந்தலுக்குச் சம்பந்தமின்றி, தன் மண்ணையும் உரத்தையும் தானே கொண்டுவருகிற செடி. எங்கள் பெண் உபயோகித்த ஆப்இமேஜ் இந்த ஜாதி. 'ஃபிளாட்பேக்' என்பதும் இதே ஜாதி. 'ஃபிளாட்ஹப்' என்னும் பொதுக் களஞ்சியத்தில் அதற்கு ஏராளமான மென்பொருள்கள் உண்டு. உபுண்டு லினக்ஸை வெளியிடும் கனானிகல் கம்பெனியாரின் 'ஸ்னாப்' மூன்றாவது. ஃபிளாட்பேக்கில் செடிக்கு வேலியும் போட்டு வைப்பார்கள். அனுமதித்த இடத்துக்கு மேல் அது கை நீட்டாது. குறை என்னவென்றால், தொட்டிகள் இடத்தை அடைக்கும்; டிஸ்க் சிறியதாயிருந்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆப்இமேஜ் பெரும்பாலும் தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்ளாது. நாம்தான் போய்ப் பார்த்து மாற்ற வேண்டும். பொதுவாக, திரையில் திறந்து வேலை செய்யும் பெரிய மென்பொருள்களுக்குச் சாதாரணக் குடும்பங்கள் கைக்கொள்ளத் தக்க வழி இதுதான்.

நான்காவது வழி, மென்பொருளைச் செய்கிற கம்பெனியாரின் சொந்தக் களஞ்சியத்தையோ, உபுண்டுவில் தனி மனிதர்கள் நடத்தும் 'பி.பி.ஏ.' களஞ்சியத்தையோ பட்டியலில் சேர்ப்பது. இதில் சௌகரியம் அதிகம், அபாயமும் உண்டு. களஞ்சியத்தைச் சேர்ப்பதென்றால் வீட்டுச் சாவியைக் கொடுப்பதாக அர்த்தம். அங்கிருந்து வரும் மென்பொருள் நிறுவப்படும்போது யந்திரத்தின் முழு அதிகாரத்தோடும் நிறுவப்படுகிறது. யாரிடம் சாவியைக் கொடுக்கிறோம் என்று விசாரித்துக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, மூலத்திலிருந்து நாமே கட்டிக்கொள்வது. சொந்த நாற்றங்கால் வைப்பது போன்ற காரியம். கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளைத் தாராளமாகச் செய்ய விடலாம். ஆனால் அப்படிக் கட்டியதை ஆப்ட் அறியாது. பிற்பாடு அதைப் புதுப்பிப்பதும் நம் பொறுப்பே.

கடைசி வழி, முழு யந்திரத்தையும் அடுத்த ஸ்திரப் பதிப்புக்கு மாற்றுவது. இதுவும் ஒருநாள் அவசியமே. டெபியன் பதிப்பு ஒன்றுக்கு முதல் மூன்று வருஷம் முழுப் பராமரிப்பும், அதன்மேல் இரண்டு வருஷம் நீட்டிப்பும் உண்டு; அதற்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் நாள் பார்த்துச் செய்ய வேண்டும். மதுரை - போடி ரயில் பாதையை எண்ணிப் பாருங்கள். 1928-இல் வந்த ரயில் அது. 2010-ஆம் வருஷக் கடைசியோடு மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தி, அகலப் பாதை போடத் தொடங்கினார்கள். தேனிக்கு 2022 மே மாதத்தில்தான் மறுபடி ரயில் வந்தது. போடிக்கு 2023 ஜூன் மாதத்தில். மாற்றம் தேவைதான். ஆனால் நடுவில் பன்னிரண்டு வருஷம் ஏலக்காய் வியாபாரியும் காலேஜ் மாணவனும் பஸ்ஸில் நசுங்கினார்கள். கம்ப்யூட்டரில் அது அரை நாள் வேலைதான் என்றாலும், கையில் அவசரக் காரியம் இருக்கும்போது தண்டவாளத்தைப் பெயர்க்கக் கூடாது. டெபியனில் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிப்பதும் கூடாது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டிலிருந்து பதின்மூன்று என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். மிகப் பழைய 32-பிட் யந்திரம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ஐ அந்த யந்திரங்களில் நிறுவ முடியாது.

எந்த வழியில் போனாலும், முதலில் நகல், பிறகு வேலை. ஆப்ட் "இவற்றை நீக்கப் போகிறேன்" என்று பட்டியல் காட்டினால், தயவுசெய்து வாசியுங்கள். சம்மதம் கேட்கிறவரிடம் வாசிக்காமல் சம்மதம் கொடுப்பது எங்குமே நல்லதல்ல.

*

ஆசிரியரின் புத்தகம் அவருடைய பிறந்த நாளுக்கு நாலு நாள் முன்னதாக மதுரையிலிருந்து அச்சாகி வந்து சேர்ந்தது. நான் அப்போது ஊர் திரும்பிவிட்டேன். அந்தப் பெண்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, தினம் நாலைந்து பக்கமாக, இரண்டு மாதத்தில் முழுவதையும் தம் கண்ணாலேயே வாசித்து முடித்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். வாசித்ததோடு விடாமல் பதினோர் அச்சுப் பிழைகளைக் கண்டுபிடித்துச் சீட்டு எழுதி அனுப்பினாராம். அவற்றில் ஒன்றுகூடக் கொம்புப் பிழை இல்லை.

சமீபத்தில் நான் கம்பத்துக்குப் போனபோது அந்தப் பெண்ணிடம் புது லாப்டாப் இருந்தது. அதில் டெபியன் 13 ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஜனவரியில் வெளிவந்த ஸ்கிரைபஸ் 1.6 வரிசை, ஸ்திரமான அந்தப் பதிப்பிலேயே அடங்கியிருக்கிறது. அன்று ஓர் இரவு முழுவதும் அல்லாடித் தேடிய வஸ்து, பரீட்சைகளையெல்லாம் தேறி, தானாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்று லாப்டாப்பை நோக்கிக் கையை நீட்டினேன்.

"பாருங்கள் மாமா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, என் பக்கமாக ஒரு தட்டை நகர்த்தி வைத்தாள். தட்டில் பன்னீர்த் திராட்சை இருந்தது.